குளிரறையில் போட்டுப் பார்த்த கோட்டு

கொச்சி மட்டாஞ்சேரியில் கம்பளிக் கோட்டு வாங்கினேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு என்ன விலை என்பார்கள். விலையைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும். அவ்வளவு விலைக்கு அது பெறுமா என்று அடுத்த கேள்வி வரும். இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்விக்கு விதவிதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாமே பாதி உண்மைதான். முழுசையும் இப்போதுதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகள் முடிந்து புது நூற்றாண்டு பிறந்திருந்த சமயம். மட்டாஞ்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். எங்கள் ஊர் நர்ஸுகள் கூட்டம் கூட்டமாக அயர்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கும் அங்கே வேலை கிடைத்தது. ஜனவரியில் போய்ச் சேர வேண்டும். முன்னாலேயே போயிருந்த தோழி போனில் எச்சரித்தாள். "எடி, ஸ்வெட்டர் ஒண்ணும் போதாது. நல்ல கோட்டு இல்லாம வந்துராதே. இங்கே வந்து வாங்கிக்கலாம்னு வச்சா, முதல் சம்பளம் கையில கிடைக்கறதுக்குள்ள நீ விறைச்சுப் போவே."

கோட்டுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் போர்வை என்பதே மழைக்காலத்தில் மட்டும் வெளியே எடுக்கிற பொருள்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாங்கள் தமிழ்க் குடும்பம். துப்புரவு வேலைக்காக முனிசிபாலிட்டி அழைத்து வந்து குடிவைத்த ஆட்களின் வழி. அப்பாவுக்கும் அதே வேலைதான். எனக்குப் பத்து வயதாகும்போது அவர் போய்விட்டார். அம்மா கொச்சங்காடியில் ஒரு சேட்டு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம் செய்த குடும்பம். நல்லவர்கள்தான், அதை மறைக்க மாட்டேன். தீபாவளிக்கு இனிப்பு கொடுப்பார்கள், காய்ச்சல் என்றால் மருந்துக்குக் கொடுப்பார்கள், வருடம் முழுவதும் துணி கொடுப்பார்கள். நான் பத்து வயதிலிருந்து இருபது வயதுவரை உடுத்தியதெல்லாம் அந்த வீட்டுப் பெண்கள் உடுத்திக் கழித்ததுதான்.

அந்தத் துணி ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டியிலும் ஒரு சலவைக்குறி இருக்கும். ஒரு வட்டம், அதற்குக் கீழே இரண்டு புள்ளி. ஊர்த் துணியெல்லாம் ஒன்றாகக் கலந்து வெளுக்கிறவர்கள், எது எந்த வீட்டுத் துணி என்று அடையாளம் காணச் சேங்கொட்டைச் சாயத்தில் போடுகிற குறி அது. எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. நான் நகத்தால் சுரண்டியிருக்கிறேன், எலுமிச்சை தேய்த்திருக்கிறேன். துணிதான் கிழிந்தது.

நர்ஸிங் படிக்க ஹாஸ்டலில் இருந்தபோது எங்கள் சீருடைகள் ஃபோர்ட் கொச்சிக்கு வெளுக்கப் போகும். ஒருமுறை அதோடு என்னுடைய நீலச் சுரிதாரையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். சீருடை வந்தது, சுரிதார் வரவில்லை. மூன்றாம் நாள் அம்மா ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்கிறாள், கையில் பத்திரிகைத் தாளில் சுற்றின நீலச் சுரிதார். சலவைக்காரர் குறியைப் பார்த்திருக்கிறார், இஸ்திரி போட்டு நேரே சேட்டு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தத் துணிக்கு அவர் அறிந்த வீடு அதுதான். அம்மா இந்தக் கதையை என் அறைத் தோழிகள் நாலு பேரையும் உட்காரவைத்து முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். "குறி பாத்துக் கொண்டுபோய்க் குடுத்தான் பாத்தீங்களா? என்ன ஒரு நேர்மை!" தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அம்மாவின் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது. அன்றைக்கு நான் அம்மாவை வெறுத்தேன். சம்பளம் என்று ஒன்று வந்த மாதத்திலிருந்து, அடுத்தவர் கொடுத்த துணி எதையும் நான் உடுத்தவில்லை.

தோழி போன் செய்த மறுநாள் சாயங்காலம் அம்மா ஒரு பெரிய பையோடு வந்தாள். உள்ளே கறுப்பு நைலான் ஜாக்கெட். பஞ்சு அடைத்த தலையணைக்குக் கை வைத்த மாதிரி இருந்தது. சேட்டு வீட்டு மகன் வெளிநாட்டில் படித்தபோது போட்டது.

"நா சொன்னதும் உடனே எடுத்துக் குடுத்துட்டாங்க. ஒரு பைசா செலவில்ல மோளே."

நான் முதலில் கழுத்தைத்தான் திருப்பிப் பார்த்தேன். வட்டம், இரண்டு புள்ளி.

"எனக்கு வேண்டாம்."

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கறியாடி?"

"பல்லைப் பாக்கல. மாடே வேண்டாம்ங்கறேன்."

"நா அங்கே நின்னு, தலை சொறிஞ்சு, கேட்டு வாங்கினதாக்கும்!"

"அதுக்குத்தான் வேண்டாம்ங்கறேன்."

அம்மா ஜாக்கெட்டைத் திரும்பப் பைக்குள் திணித்தாள். பையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். கோபம் வந்தால் அம்மா பாத்திரத்தை உருட்டுவாள். அன்று அதுவும் இல்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் மனசு மாறவில்லை. ஒரு புது நாட்டில், என்னை யாருக்கும் தெரியாத இடத்தில், இன்னொரு வீட்டின் குறியைக் கழுத்தில் சுமந்துகொண்டு போய் இறங்க மாட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

மட்டாஞ்சேரியின் பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு காஷ்மீர்க்காரரின் கடை இருந்தது. சால்வை, கம்பளம், மரப்பெட்டி என்று சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிற கடை. ஒருமுறை அவர் கையில் கண்ணாடி குத்தித் தையல் போட்டபோது நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், அந்தப் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய், கம்பளங்களுக்குப் பின்னாலிருந்து துணி உறை போட்ட ஒன்றைத் தூக்கிவந்தார். உறையைக் கழற்றியதும் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று வந்தது. முழங்காலுக்குக் கீழே இறங்குகிற ஓவர்கோட். வறுத்த காப்பிக்கொட்டை நிறம். வடக்கே அவருடைய அண்ணன் அனுப்பிய சரக்கில் தவறி வந்ததாம். இரண்டு வருடமாகத் தொங்குகிறது. கொச்சிக்கு வந்து யார் கோட்டு வாங்குவார்கள்?

நான் தொட்டேன். தொட்ட கையை எடுக்க மனசு வரவில்லை.

"சிஸ்டர், இது மூணு பங்கு செம்மறிக் கம்பளி, ஒரு பங்கு மலையாட்டு மயிர். கலப்பே இல்ல. எல்லாம் நேச்சுரல்" என்றார்.

விலையைச் சொன்னார். என் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அதிர்ச்சியை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. நர்ஸ் வேலையில் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான்.

"நூல் எடுத்துக் கொளுத்திக் காட்டுங்க" என்றேன். தையல் டீச்சர் சொல்லித் தந்த வித்தை. அவர் உள்தையல் ஓரத்துத் துணியிலிருந்து ஒரு நூலை இழுத்துத் தீக்குச்சியில் காட்டினார். மயிர் பொசுங்குகிற நாற்றம் வந்தது, சாம்பல் விரலில் பொடிந்தது. நல்ல கம்பளிதான். "உள்துணி?" என்றேன். அவர் தயங்கினார். நானே ஒரு இழையை உருவினேன். அது பொசுங்கவில்லை, உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது. பாலியெஸ்டர்.

"எல்லாம் நேச்சுரல்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். விலையில் கொஞ்சம் குறைந்தது. பிறகு நான் ஒவ்வொரு பொத்தானாக இழுத்துப் பார்த்தேன், கைத்துணியைக் கசக்கி விட்டுப் பார்த்தேன், சுருக்கம் தானே நிமிர்ந்தது. கைக்கடியில் தையலை உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டில் என்னைக்கூட அவ்வளவு பார்த்ததில்லை. எல்லாம் சரி. குளிர் தாங்குமா என்பது மட்டும்தான் தெரியவில்லை. போட்டுக்கொண்டு கடைக்குள் நின்றேன், இரண்டு நிமிடத்தில் முதுகில் வேர்வை ஓடியது. கொச்சியில் சும்மா நின்றாலே வேர்க்கும், அதை எப்படி அத்தாட்சியாக எடுப்பது? இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று கேட்டேன். தையல் போட்ட கையைத் தூக்கி, கொண்டுபோகச் சொன்னார்.

வீட்டில் அம்மா கோட்டைத் தொடக்கூட இல்லை.

"இந்தக் காசுக்கு ரெண்டு வளை எடுக்கலாம்."

"வளையைப் போட்டாக் குளிர் அடங்குமா?"

"ஒரு அவசரம்னா வளையைப் பணயம் வைக்கலாம். இந்தக் கோட்டைக் கொண்டுபோய் எங்கேடி வைப்பே? அதும் சும்மா கிடைச்ச ஒண்ணு கட்டிலுக்கடியில கிடக்கும்போ!"

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாமா வந்திருந்தார், அம்மாவின் தம்பி. இடக்கொச்சியில் மீன் குளிர்ப்பதனக் கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை. இரண்டு பேரும் மாறி மாறிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே கப்பைக்கிழங்கைத் தின்று முடித்தார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"ரெண்டு பேரும் எந்துக்கு வாயடிக்கறீங்க? எங்க ரூம்ல வந்து போட்டுப் பாருங்க. பதினெட்டு டிகிரி, பூஜ்யத்துக்குக் கீழே. அயர்லாந்தாவது ஒண்ணாவது, எங்க குளிருக்குப் பக்கத்துல நிக்குமா?"

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. மாமாவுக்கு அவருடைய குளிரறை.

அம்மா உடனே பிடித்துக்கொண்டாள். "செரி. ரெண்டையும் கொண்டுபோவோம். எது சூடோ அதைக் கொண்டுபோ. அப்புறம் நானும் பேச மாட்டேன், நீயும் பேசக் கூடாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

நான் ஒப்புக்கொண்டேன். மலையாட்டு மயிரும் செம்மறிக் கம்பளியும் ஒரு நைலான் தலையணையிடம் தோற்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் பஸ்ஸில் இடக்கொச்சிக்குப் போனோம். ஆளுக்கு ஒரு பை. கிடங்குக்கு முன்னால் இறால் உரிக்கிற பெண்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். டிசம்பர் வெயிலில் நான் கோட்டை எடுத்து மாட்டியதும் ஒருத்தி பக்கத்திலிருந்தவளை இடித்தாள். எல்லாரும் பார்த்தார்கள். அம்மா ஜாக்கெட்டை மாட்டி, புடவை முந்தானையை அதற்குள் திணித்துக்கொண்டாள். சூப்பர்வைசர் சாப்பிட்டு வருவதற்குள் முடிக்க வேண்டும் என்றார் மாமா. பத்து நிமிடம் உள்ளே, வெளியே வந்து ஒரு சாயா, பிறகு மாற்றிப் போட்டுக்கொண்டு இன்னொரு பத்து நிமிடம். கதவை உள்ளிருந்தும் திறக்கலாம், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையில் வாட்சோடு வெளியே நின்றுகொண்டார்.

கதவு சாத்தியதும் மூக்குக்குள் மயிர் விறைத்தது தெரிந்தது. கூரைவரை இறால் பெட்டியும் கணவாய்ப் பெட்டியும். அம்மா பயந்து என் கையைப் பிடித்தாள். பிறகு தன் வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை ஊதினாள். "பீடி குடிக்கற மாதிரி இருக்குடி!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கோட்டு தோளிலும் முதுகிலும் நன்றாகத்தான் இருந்தது. ஆறாவது நிமிடம் கழுத்துப் பிளவு வழியாகக் குளிர் இறங்கியது. எட்டாவது நிமிடம் கீழேயிருந்து ஏறியது. பத்தாவது நிமிடம் மாமா கதவைத் தட்டியபோது என் தாடை ஆடிக்கொண்டிருந்தது. அம்மா அலட்டிக்கொள்ளாமல் நின்றிருந்தாள்.

சாயா குடித்துவிட்டு மாற்றிப் போட்டுக்கொண்டோம். ஜாக்கெட்டின் ஜிப்பைத் தாடைவரை இழுத்தேன். மூன்று நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. கதகதவென்று இருந்தது. பத்து நிமிடம் இல்லை, ஒரு மணி நேரம்கூட நிற்கலாம். குளிருக்கு நடுவில் எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு வீம்பு பிடித்து, கடைக்காரரிடம் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டி, கடைசியில் அந்த வட்டமும் புள்ளியும்தான் ஜெயித்ததா?

அம்மா என் எதிரில் கோட்டோடு நின்றாள். அவள் குள்ளம். கோட்டு கணுக்கால்வரை வந்தது. அவள் இப்போது புகை விட்டு விளையாடவில்லை. முதலில் புறங்கையால் மற்றக் கையின் துணியைத் தடவினாள். பிறகு இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டாள். அப்படியே நேராக நிமிர்ந்து நின்றாள். வேலைக்குப் போய்க் குனிந்து குனிந்து அவள் முதுகு அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

வெளியே வந்தோம். "எது?" என்றார் மாமா.

"கோட்டுதான்" என்றேன். கண்கூட இமைக்கவில்லை. சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பொய். அதற்கு எனக்குத் துளியும் வெட்கம் வரவில்லை, பயம் மட்டும்தான் வந்தது.

மாமா அம்மாவைப் பார்த்தார். "நீயும் போட்டுப் பாத்தேல்லக்கா, நீ சொல்லு."

அம்மா கோட்டின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். "போறவ அவதானே. அவ சொன்னாச் சரிதான்" என்றாள்.

மறுநாள் பணத்தோடு ஜூ டவுனுக்குப் போனேன். ஒரு விஷயத்தை நாங்கள் மூன்று பேரும் யோசிக்கவே இல்லை. மீன் கிடங்கோடு பிறந்து வளர்ந்த மூக்குகளுக்கு அது தோன்றவும் இல்லை. கடைக்காரர் கோட்டை வாங்கி உறையில் போடப் போனவர், நின்றார். முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், இது எங்கே போயிருந்து? செம்மீன் மணம்!"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். "இனி இதை நான் ஆருக்கு விக்கும்?"

"எனக்கு வித்திருங்க. நாத்தம் அடிக்குதேன்னு வாங்கறேன்னு நினைக்காதீங்க. வாங்கத்தான் வந்தேன்" என்று சொல்லிப் பணத்தை மேஜையில் வைத்தேன். அவர் நம்பினாரோ என்னவோ. தண்ணீரில் மட்டும் போடக் கூடாது, நிழலில் காற்றாட நாலு நாள் தொங்கவிட்டால் கம்பளி தானாக நாற்றத்தை விட்டுவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். அப்படியே விட்டது.

அயர்லாந்தில் அந்தக் கோட்டைப் பதினொரு குளிர்காலம் போட்டேன். முதல் வருடம் கழுத்து வழியாகக் காற்று இறங்கத்தான் செய்தது. ஒரு தடித்த மப்ளர் வாங்கி அடைத்தேன். மழையில் நனைந்தால் கனக்கும். குளிரை மட்டும் கணக்கில் எடுத்தால் அந்த விலைக்கு அது பெறாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் பணம் கொடுத்த அந்த வாரத்தில் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பையை எடுத்தாள். ஜாக்கெட்டைத் தட்டி மடித்து, புதுப் பத்திரிகைத் தாளில் சுற்றினாள். சேட்டு வீட்டில் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றாள். எனக்கு ஆச்சரியம். அந்த வீட்டிலிருந்து வந்த எதுவும் திரும்பிப் போனதில்லை. கிழிந்தால் கரித்துணியாகும், அவ்வளவுதான். நானும் கூடவே நடந்தேன்.

கொச்சங்காடி கிடங்குகளுக்கு நடுவில் போகும்போது அம்மா சொன்னாள்.

"ஜாக்கெட்டுதான்டி சூடு."

நான் நின்றுவிட்டேன்.

"நானும் ரெண்டையும் போட்டேனே, எனக்கு அறியாதா? உன் கோட்டுக்குள்ள எனக்குக் கழுத்தெல்லாம் விறைச்சுப் போச்சு."

"பின்னே ஏன் அங்கேயே சொல்லல? சத்தியம் வேற பண்ணியிருந்தோம். நீதானே ஜெயிச்சிருப்பே?"

"ஜெயிச்சு? நீ சொன்ன சொல்லுக்காக இதப் போட்டுட்டுப் போவே. போற இடமெல்லாம் பல்லைக் கடிச்சிட்டுப் போடுவே. என்னையும் நினைச்சுப் பல்லைக் கடிப்பே." அம்மா பொட்டலத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "பதினாறு வருஷமா குடுத்ததெல்லாம் வாங்கியாச்சு. அப்போ வேண்டாம்னு சொன்னா உனக்கு உடுக்கத் துணி இருந்திருக்காது. இப்போ சொல்லலாமே. சொல்லிப் பாக்கறேன்."

எனக்கு ஹாஸ்டல் வாசலில் நான் பட்ட வெறுப்பு ஞாபகம் வந்தது. அதை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சேட்டு வீடு வந்துவிட்டது. அம்மா எப்போதும்போல் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனாள். நான் தெருவில் நின்றேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. ஐந்து நிமிடத்தில் வெறும் கையோடு வந்தாள்.

"என்ன சொன்னே?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"அவங்க?"

"கோவிக்கல. அப்போ உன் மோள் எதைப் போட்டுட்டுப் போவான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"அவ சொந்தமா வாங்கினதப் போட்டுட்டுப் போவான்னு சொன்னேன்."